போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்: முழுமையான வழிகாட்டி

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இந்தியச் சந்தைக்கு வந்த ஆண்டு 2013. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 பிஎஸ் திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி, சுமார் 1,100 கிலோ எடை என அமைந்த அந்தக் கார், சிறிய வண்டியில் வேகத்தையும் கட்டுப்பாட்டையும் எதிர்பார்த்த நம் ஊர் ஓட்டுநர்கள் பலருக்கு முதல் காதலாக அமைந்தது. 2020-இல் அதே பெயரில் 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், 110 பிஎஸ் எஞ்சின் வந்தது. 2022-இல் புனே அருகிலுள்ள சாக்கன் ஆலையில் போலோ உற்பத்தியே நின்றுபோனது. ஆகவே இன்று இந்தக் காரை வாங்குகிறவர் பழைய காரைத்தான் வாங்குகிறார்; வாங்கிய மறுவாரமே அதை மாற்றியமைக்கும் ஆசையும் வந்துவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்த ஆசையைத் தடுப்பதற்காக எழுதப்படவில்லை. காசும் காரும் வீணாகாமல் அந்த ஆசை நிறைவேற வேண்டும் என்ற அக்கறையில் எழுதப்பட்டது. 1.2 லிட்டர் டிஎஸ்ஜி வகையை மையமாக வைத்து எழுதினாலும், ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஐ20 என் லைன், டாடா அல்ட்ரோஸ் ரேசர் போன்ற கார்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: குறையை எழுதி வையுங்கள்

எந்தப் பாகத்தையும் விலை விசாரிக்கும் முன்பு, ஒரு மாதம் காரை அப்படியே ஓட்டி, எங்கே எந்த நேரத்தில் அது உங்களுக்குப் போதவில்லை என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். "பவர் பத்தவில்லை" என்று பொதுவாக எழுதினால் அதனால் பயன் இல்லை. "ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் திரும்பி வெளியேறுகையில் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு வெளிப்புறம் போகிறது", "இறங்கும்போது இருபதாவது வளைவுக்குப் பிறகு பிரேக் மிதி ஆழமாகப் போகிறது", "நான்கு வழிச்சாலையில் 80-இல் மேம்பாலத்தின் இணைப்புகளைக் கடக்கையில் பின்பக்கம் துள்ளுகிறது" என்று இடத்தோடும் வேகத்தோடும் எழுத வேண்டும். இப்படி எழுதப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் தீர்வு வேறு. முதலாவதற்கு டயர், இரண்டாவதற்குப் பிரேக் திரவமும் ஓட்டும் முறையும், மூன்றாவதற்கு ஷாக் அப்சார்பர். மூன்றுக்கும் சேர்த்து எஞ்சின் ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது) செய்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைவில் வழுக்கிய சக்கரம் கூடுதல் முறுக்குவிசையால் இன்னும் அதிகமாகத்தான் வழுக்கும்.

குறைகளை எழுதும்போதே சில அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சாலையில், ஒரே அளவு பெட்ரோலோடு, விடியற்காலைக் குளிரில், சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள் 40-இலிருந்து 80-ஐ எட்ட எவ்வளவு நேரமாகிறது என்பதை ஜிபிஎஸ் செயலியால் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். டயர்க் காற்றழுத்தம், டயரின் இழைகள் தேய்ந்துள்ள விதம், லிட்டருக்கு ஓடும் தூரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். மாற்றத்துக்குப் பிறகு ஒப்பிடுவதற்கு இந்த எண்கள்தாம் ஆதாரம். எண் கையில் இல்லையென்றால், செலவழித்த பணத்தின் மீதுள்ள நம்பிக்கையே நமக்கு முன்னேற்றமாகத் தெரியும்.

இரண்டாம் படி: மாற்றுவதற்கு முன் மீட்டெடுங்கள்

நான் வாங்கிய கார் 2014-ஆம் ஆண்டு வண்டி. முந்தைய உரிமையாளர் 17 அங்குல அலாய் வீலும் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் போட்டிருந்தார். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் சற்றே அலைந்தது; உடைந்த சாலையில் முன்பக்கம் கடகடத்தது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பான விலை உயர்ந்த காயிலோவர் வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் கோவையில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனேன். அவர் காரைத் தூக்கி, சக்கரத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம்மைக் கடப்பாரையால் ஒருமுறை நெம்பிக் காட்டிவிட்டு, "மொதல்ல இந்த புஷ்ஷ மாத்துங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். லோயர் ஆர்ம்மின் ரப்பர் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவற்றை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகு, அலைதலும் சத்தமும் பெரும்பாலும் நின்றுவிட்டன. அன்று மிச்சமான தொகையில்தான் பிறகு நல்ல டயர்கள் வாங்கினேன்.

பத்து வயதை நெருங்கிய எந்தக் காருக்கும் இதே நியாயம் பொருந்தும். ரப்பர் புஷ்கள், எஞ்சின் மவுண்ட், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், கூலன்ட், பிரேக் திரவம், ஏர் ஃபில்டர் ஆகியவை முதலில் நல்ல நிலைக்கு வரட்டும். டிஎஸ்ஐ எஞ்சினில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், உள்ளிழுப்பு வால்வுகளின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே காலப்போக்கில் கரி படிகிறது. அதிக ஓட்டம் கண்ட வண்டியில் அந்தக் கரியை அகற்றிய பிறகு எஞ்சின் தடையின்றி இழுப்பதையும், ஐட்லிங் நடுக்கம் குறைவதையும் உணரலாம். டர்போவிலிருந்து செல்லும் குழாய்களில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று புகை விட்டுச் சோதிப்பதும் நல்லது. காரின் கணினியோடு பேசும் ஓபிடி ஸ்கேனரால் பழைய பிழைக் குறியீடுகளைப் படித்து, டிஎஸ்ஜி கிளட்ச்சின் தேய்மானத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் செலவை மாற்றியமைப்புக் கணக்கிலேயே சேர்த்துத் திட்டமிட வேண்டும். என் அனுபவத்தில் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடும்.

மூன்றாம் படி: சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவுக்கு அதே பொருளை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தால் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், ஓட்டுநர் உரிமத்துக்குத் தற்காலிகத் தடையும் வரக்கூடும். எஞ்சினை மாற்றுவது, உடற்பகுதியை அகலப்படுத்துவது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அகற்றுவது, பதிவில் உள்ள நிறத்தைச் சொல்லாமல் மாற்றுவது போன்றவற்றைத் தொடக்கத்திலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ காரணமாகலாம். மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலைப் பாதுகாத்து வையுங்கள். எந்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லத் தயங்குகிறோமோ, அந்த மாற்றத்தைச் செய்யாமல் இருப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: டயரும் வீலும்

காரும் சாலையும் சந்திப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில்தான். பிரேக்கின் திறன், வளைவின் வேகம், மழையில் நிற்கும் தூரம், எஞ்சின் திறன் தரையை அடைவது ஆகிய நான்கையும் ஒரே செலவில் மேம்படுத்தக்கூடிய பாகம் டயர் ஒன்றுதான். கையில் ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் இதைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். இழை நன்றாக இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த ரப்பர் கெட்டிப்பட்டு ஈரத்தில் பிடிப்பை இழந்திருக்கும். அடுத்து டயரின் இயல்பைக் கவனியுங்கள். மைலேஜுக்காகவும் நீண்ட ஆயுளுக்காகவும் செய்யப்பட்ட டயருக்கும், பிடிப்புக்காகச் செய்யப்பட்ட டயருக்கும் உள்ள வேறுபாடு, வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் ஒருமுறை பிரேக் பிடித்தாலே தெரிந்துவிடும். பிடிப்பு மிக்க டயர் விரைவில் தேயும், சற்று அதிக பெட்ரோல் குடிக்கும். அந்த விலையை மனமொப்பிக் கொடுக்கலாம்.

இனி அளவு. தொடக்க கால ஜிடி டிஎஸ்ஐ 185/60 ஆர் 15 டயர்களோடு வந்தது. கணக்கு எளிது: டயரின் அகலமான 185 மில்லிமீட்டரில் 60 விழுக்காடு, அதாவது பக்கச்சுவரின் உயரம், 111 மில்லிமீட்டர், அது மேலும் கீழுமாக இருமுறை, அதோடு 15 அங்குலத்துக்கான 381 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 603. இதே முறையில் 195/60 ஆர் 15 டயரின் விட்டம் 615, 205/50 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 611, 195/55 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர் என வரும். கடைசி அளவை நிறுவனமே பின்னாளைய ஜிடி கார்களுக்குக் கொடுத்தது. ஆகவே அதில் அச்சம் தேவையில்லை. ஆனால் விட்டம் 3 விழுக்காடு கூடும்போது ஒவ்வொரு கியரும் அதே அளவு நீள்கிறது, இழுவை சற்றுக் குறைகிறது, ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தைவிட உண்மையான வேகம் அந்த விழுக்காடு கூடுகிறது. முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டம் கொண்ட டயர்களைப் போட்டால், கார் சறுக்காமல் காக்கும் இஎஸ்பி அமைப்பே குழம்பும்.

15 அங்குலத்திலேயே நின்றுகொண்டு, அகலத்தை ஒரு படி கூட்டி 195/60 போடுவதை நம் சாலைகளுக்கு நான் பரிந்துரைக்கிறேன். 117 மில்லிமீட்டர் உயரப் பக்கச்சுவர் குழிகளின் அடியைத் தாங்கும். டயரின் விலையும் குறைவு. 17 அங்குலம் அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் ஒவ்வொரு கிலோவையும் ஷாக் அப்சார்பர் அடக்கியாக வேண்டும், பிரேக் நிறுத்தியாக வேண்டும், எஞ்சின் சுழற்றியாக வேண்டும். என் காரின் பழைய 17 அங்குல வீல்களைக் கழற்றி 15-க்கு வந்த நாளில், ரீமேப் செய்யாமலேயே கார் சுறுசுறுப்பானதைக் கண்டேன்.

புதிய அலாய் வீல் வாங்குவதாக இருந்தால், ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர் பிசிடி (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), 57.1 மில்லிமீட்டர் நடுத்துளை என்ற அளவுகளையும், பழைய வீலின் ஆஃப்செட் எண்ணையும் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி அமர்கிறது என்பதன் அளவு) எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நடுத்துளை பெரிதாக உள்ள வீலுக்கு, அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கட்டாயம். அது இல்லாததால் வரும் ஸ்டீயரிங் அதிர்வை எந்த பேலன்சிங்கும் போக்காது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் அசல் போல்ட்டின் அமர்விடம் உருண்டை வடிவானது. வெளிச்சந்தை வீல்கள் பலவற்றுக்குக் கூம்பு வடிவப் போல்ட் வேண்டும். பழைய போல்ட்டையே போட்டு முடுக்கினால் அது முழுமையாக அமராது, ஓட்டத்தில் தளரும். டார்க் ரென்ச்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சரிபாருங்கள்.

ஐந்தாம் படி: பிரேக்

ஜிடி டிஎஸ்ஐயின் முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் உள்ளன. பின்னால் டிரம் இருப்பதைப் பெரிய குறையாகச் சொல்லி, டிஸ்க் மாற்றும் தொகுப்பை விற்க வருவார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்வதால் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்டிஸ்க்தான் செய்கிறது. மேலும் ஏபிஎஸ், இஎஸ்பி ஆகியவற்றின் மென்பொருள் இந்த அமைப்புக்கென்றே அளவிடப்பட்டது. சாலைப் பயன்பாட்டுக்குப் பின்டிரம் போதும்.

உண்மையான குறை சூட்டில் வருகிறது. வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. இறங்கும்போது பிரேக் திரவம் கொதித்தால் அதில் ஆவிக்குமிழ் உண்டாகி, மிதி தரை வரை போகும். டாட் 4 என்ற தரத்துப் புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவரையறை. அதே திரவம் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை முழுமையாக மாற்றுவது எந்தப் பெரிய பிரேக் தொகுப்பையும்விட முக்கியமானது. டாட் 5.1 போடலாம், அதுவும் கிளைகால் வகைதான். டாட் 5 சிலிகோன் வகை, அதை இந்த அமைப்பில் ஊற்றக் கூடாது.

திரவத்துக்குப் பிறகு, டிஸ்க்கைப் பிடிக்கும் முன் பேட். பந்தயப் பேட்கள் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் நிற்க அவை உதவாது. குளிரிலும் பிடித்து, ஓரளவு அதிகச் சூட்டையும் தாங்கும் சாலை வகைப் பேட்டைக் கேளுங்கள். புதிய பேட் போட்ட பிறகு, காலியான சாலையில் 60-லிருந்து 15 வரை மிதமாக எட்டுப் பத்து முறை வேகம் குறைத்து, முழுவதும் நிற்காமல், பிறகு பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிக் குளிரவிடுங்கள். டிஸ்க்கின் மேல் பேட்டின் பொருள் சீராகப் படிய இந்தப் பழக்கம் தேவை. இதோடு ஓட்டும் முறையும் மாறட்டும். டிஎஸ்ஜியைக் கைமுறை நிலைக்குக் கொண்டுவந்து, இறக்கத்தில் இரண்டாவது கியரில் வைத்தால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும்.

ஆறாம் படி: சஸ்பென்ஷன்

தாழ்த்தும் ஸ்பிரிங் மட்டும் போடுவதுதான் மலிவானது, பரவலானது. அதுவேதான் பெரும்பாலும் காரைக் கெடுப்பதும். ஸ்பிரிங் குட்டையாகும்போது ஷாக் அப்சார்பரின் பயணத் தூரம் குறைந்து, அசல் ஷாக் எப்போதும் தன் கடைசி எல்லைக்கு அருகிலேயே வேலை செய்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது வடிவியல் மாற்றம். போலோவின் முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்பது). காரைத் தாழ்த்தும்போது லோயர் ஆர்ம்மின் வெளிமுனை, உள்முனையைவிட மேலேறுகிறது. அதனால் சாய்வு மையம் (வளைவில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) எடைமையத்தைவிட வேகமாகக் கீழிறங்குகிறது. விளைவாக, கெட்டியான ஸ்பிரிங் இருந்தும் வளைவில் சாயும் நெம்புவிசை கூடுகிறது. நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்தப்பட்ட கார் பார்ப்பதற்குப் பந்தயக் கார்போல இருந்து, ஓட்டுவதற்கு அசலைவிட மோசமாக இருப்பதன் காரணம் இதுதான். நம் வேகத்தடைகளையும் நினைவில் வையுங்கள். இந்தியச் சாலைக் குழுமத்தின் வரையறைப்படி 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக இருக்க வேண்டிய வேகத்தடை, ஊர்ச்சாலைகளில் அதே உயரத்தோடு ஒரு முழ அகலத்தில் நிற்கிறது.

உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தேய்ந்துபோன ஷாக் அப்சார்பர்களை மட்டும் தரமான, சற்றே கெட்டியான ஷாக்குகளால் மாற்றுவதே பயன் தரும் வழி. பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6 வரிசை அசல் உயரத்துக்கும், பி8 வரிசை தாழ்த்திய உயரத்துக்கும் என்றே பிரித்துச் செய்யப்படுவதைப் பார்த்தாலே, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியவை என்பது விளங்கும். ஷாக் மாற்றும்போது ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள்; கூலி ஒருமுறைதான். சற்றுத் தாழ்வாக வேண்டும் என்று மனம் கேட்டால், 20 முதல் 25 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள், அதற்குரிய ஷாக்கோடுதான் போடுங்கள்.

பின்சக்கரங்களை இணைக்கும் டார்ஷன் பீமுக்கு, சாய்வைக் குறைக்கும் கூடுதல் ஆன்டி ரோல் பார் பொருத்தினால் முன்சக்கர இழுவைக் காரின் வெளிப்புறம் தள்ளும் இயல்பு குறையும். உலர்ந்த சாலையில் அது இன்பமான மாற்றம். ஆனால் ஈரமான வளைவில் ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால் பின்பக்கம் எளிதாக விலகும். அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே அதைச் சொல்வேன். எஞ்சின் அறையின் குறுக்கே பளபளவென்று நிற்கும் ஸ்ட்ரட் பாருக்கு இந்தக் காரில் வேலை மிகக் குறைவு.

ஏழாம் படி: எஞ்சின்

இவ்வளவும் முடிந்த பிறகும் நோட்டில் "இழுவை போதவில்லை" என்ற வரி அடிக்கப்படாமல் இருந்தால், இப்போது ரீமேப்பைப் பற்றிப் பேசலாம். டர்போ எஞ்சினில் அழுத்தம், தீப்பொறி நேரம், பெட்ரோல் அளவு ஆகியவற்றை மென்பொருளால் மாற்றுவதன் மூலம், டர்போ இல்லாத எஞ்சினில் கனவிலும் கிடைக்காத அளவு திறன் கூடுகிறது. கேள்வி எவ்வளவு கூட்டலாம் என்பதில் இல்லை, கூட்டிய முறுக்குவிசையை எது தாங்கும் என்பதில் இருக்கிறது.

இதற்கு நிறுவனமே ஒரு பாடம் சொல்லிவைத்திருக்கிறது. 2016-இல் இந்தியாவுக்கு 99 கார்கள் மட்டுமே ஒதுக்கப்பட்ட போலோ ஜிடிஐயின் 1.8 லிட்டர் எஞ்சின் 192 பிஎஸ் தந்தது. ஐரோப்பாவில் அதே எஞ்சின் கைமுறை கியரோடு 320 நியூட்டன் மீட்டர் தர, ஏழு கியர் டிஎஸ்ஜியோடு வந்த காரில் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டருக்குள் கட்டப்பட்டிருந்தது. டிக்யூ200 என்னும் அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸின் எல்லை 250 என்பதே அதன் காரணம். 105 பிஎஸ் ஜிடி டிஎஸ்ஐயில் இருப்பதும் அதே டிக்யூ200 குடும்பம்தான். அசலில் 175 உள்ள காரை 220 வரை கொண்டுபோவதில் நியாயம் உண்டு. 250-ஐத் தொடும் டியூன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், இடைவெளியே இல்லாத எல்லையில் கிளட்ச்சை நிற்கவைக்கிறார் என்று பொருள். பத்தாண்டு ஓடிய கிளட்ச்சுக்கு அது தாங்காது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் காரைப் பிடித்து நிற்கும் பழக்கம் உள்ளவர்கள் ரீமேப் செய்யும் முன் அதை விட்டொழிக்க வேண்டும்.

டியூன் செய்பவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். அசல் மென்பொருளைப் படித்து நகல் எனக்குத் தருவீர்களா? அதே நாளில், அதே டைனோவில் (திறனை அளக்கும் பொறி), முன்னும் பின்னும் ஓட்டிய வரைபடம் கிடைக்குமா? நாக்கிங் (கலவை முறையின்றி வெடிப்பது) காரணமாக எஞ்சின் எத்தனை டிகிரி தீப்பொறியைப் பின்னிழுக்கிறது, அதாவது தாமதமாக்குகிறது, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, எரிபொருள் அழுத்தம் கேட்ட அளவுக்கு நிற்கிறதா என்பதைச் சாலையில் ஓட்டிப் பதிவு செய்து காட்டுவீர்களா? நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலேயே முறுக்குவிசையைத் திடீரென உச்சிக்கு ஏற்றுகிறீர்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. குறைந்த சுழற்சியில் அதிக அழுத்தம் கொடுத்தால், நேரடி எரிபொருள் டர்போ எஞ்சின்களில் தீப்பொறிக்கு முன்பே கலவை வெடித்து பிஸ்டனை உடைக்கும் அபாயம் உண்டு. 2,200 சுழற்சிக்கு மேல் சீராக ஏறும் வரைபடம் ஓட்டுவதற்கும் இனிது, எஞ்சினுக்கும் நல்லது.

எந்தப் பெட்ரோலுக்காக அந்த டியூன் எழுதப்பட்டது என்பதை எழுதி வாங்குங்கள். நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியதை வைத்துக்கொண்டு, சிற்றூர் பங்கில் சாதாரணப் பெட்ரோல் போட நேர்ந்தால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தீப்பொறியைப் பின்னிழுத்துக்கொண்டே இருக்கும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இன்னொரு கணக்கு. எத்தனாலின் ஆக்டேன் எண் உயர்வு. ஆனால் லிட்டருக்குரிய ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், 20 விழுக்காடு கலப்பில் மொத்த ஆற்றல் 6, 7 விழுக்காடு குறைகிறது. அதே திறனுக்கு இன்ஜெக்டர் அதிகம் பீய்ச்ச வேண்டும். போலோ இந்தியச் சந்தையை விட்டுப் போனது 2022-இல். இ20-ஐத் தாங்கும் பொருள்களால் கார்கள் செய்யப்பட வேண்டும் என்ற நிலை 2023 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே எரிபொருள் குழாய்களையும் ரப்பர் வளையங்களையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கை, நிறுவனம் சொன்ன மாற்றும் தூரத்தில் பாதிக்குள் மாற்றுங்கள். ஆயிலை நிறுவனத்தின் தரக்குறியீடு உள்ளதாகவே, குறைந்த இடைவெளியில் மாற்றுங்கள்.

ஸ்கேனர் துளையிலோ சென்சார் கம்பியிலோ செருகும் சிறு பெட்டிகளை வாங்காதீர்கள்; அவை எஞ்சினுக்குப் பொய்யான அளவைச் சொல்லித் திறனைக் கூட்டுபவை. திறந்த கூம்பு ஏர் ஃபில்டர் எஞ்சின் அறையின் சூடான காற்றையே இழுப்பதால், நம் வெயிலில் அது பின்னடைவு. அசல் பெட்டிக்குள் ஒரு சுத்தமான ஃபில்டர் போதும். டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக வாங்கி முன்னால் மாட்டச் சொல்பவருக்கு இந்த எஞ்சின் தெரியாது என்று கொள்ளலாம்: 1.2 டிஎஸ்ஐயில் இன்டர்கூலர் நீரால் குளிர்வது, உள்ளிழுப்பு மேனிஃபோல்டுக்குள்ளேயே அமைந்தது. சைலன்சரை மட்டும் மாற்றினால் ஓசைதான் மாறும்.

எட்டாம் படி: ஒவ்வொன்றாகச் செய்து, பதிவு செய்யுங்கள்

ஒரே நாளில் டயர், ஷாக், ரீமேப் மூன்றையும் செய்துவிட்டால், பிறகு வரும் குறை எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாற்றம், ஆயிரம் கிலோமீட்டர், மறுபடி அதே சாலை, அதே அளவுகள் என்று போங்கள். முதல் படியில் எழுதிய வரிக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். முன்னேற்றம் தெரியவில்லை என்றால் அந்தப் பாகத்தைக் கழற்றி விற்றுவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கழற்றிய அசல் பாகங்களை, குறிப்பாக ஸ்பிரிங், வீல், போல்ட் ஆகியவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பாதுகாத்து வையுங்கள். ரசீது, டைனோ வரைபடம், அலைன்மென்ட் தாள், காப்பீட்டு நிறுவனத்தின் பதில் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். காரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தக் கோப்பே பதில்.

வேகத்தைச் சோதிக்கும் ஆசை வந்தால் அதற்குரிய இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுதளமும் உள்ளன. பொதுமக்களுக்கு வாய்ப்பளிக்கும் நாள் அறிவிக்கப்படும்போது, அசல் நிலைக்கு அருகில் உள்ள காரோடு ஒருமுறை போய், அனுபவமுள்ள பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். போகும் முன் பிரேக் திரவத்தைப் புதிதாக மாற்றுங்கள், வீல் போல்ட்டுகளை முடுக்குங்கள், ஸ்பேர் வீலையும் ஜாக்கியையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஐந்து சுற்று ஓட்டிவிட்டு, ஒரு சுற்று மெதுவாக ஓட்டிச் சூட்டை ஆற்றுங்கள். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுக்காதீர்கள். அன்று மாலை வீடு திரும்பியதும் நோட்டைத் திறந்து, காரின் குறை என்று நீங்கள் எழுதியிருந்த வரிகளில் எத்தனை இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று பார்த்து, அடுத்து வாங்க வேண்டிய பாகத்தை அந்த வரிகளிலிருந்து முடிவு செய்யுங்கள்.